மார்பக அறுவைக்குப் பிறகு குதிரையேற்றம்: திரும்பப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

லாயத்துவாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் வீடு. இடது மார்பில் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த மாதம் அறுவை. மார்பை முழுதாக எடுக்க வேண்டும். அதோடு அக்குளில் முதல் நிணக்கணுவை, அதாவது நோய் பரவினால் முதலில் போய்ச்சேரும் சின்ன முடிச்சை, எடுத்துச் சோதிப்பார்கள். அதில் பரவியிருந்தால் மேற்கொண்டு கணுக்களை எடுக்க வேண்டிவரலாம் என்றார்கள்.

நான் வார இறுதியில் குதிரை ஓட்டுபவள். சொந்தக் குதிரை இல்லை, சவாரிப் பள்ளிக் குதிரைதான். நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். போட்டிக்கெல்லாம் போகும் எண்ணம் இல்லை. டிராட் (துள்ளு நடை) நன்றாக வரும், கேன்டர் (அதைவிட வேகமான ஓட்டம்) சுமாராக வரும். வாரம் முழுக்க அலுவலகத்தில் கணக்குப் பார்த்துவிட்டு அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருப்பேன்.

டாக்டரிடம் "எப்போது திரும்ப ஓட்டலாம்?" என்று கேட்டேன். "ஆறு வாரம் போகட்டும், பார்ப்போம்" என்றார். பொறுமையானவர், நன்றாக விளக்குபவர். ஆனால் குதிரை மேல் உட்கார்ந்தால் உடம்பில் எது எது வேலை செய்யும் என்று அவருக்கு நான் என்ன சொல்வது? கொடுத்த கையேட்டில் நடைப்பயிற்சி இருக்கிறது, நீச்சல் இருக்கிறது, குதிரை பற்றி ஒரு வரி இல்லை. வீட்டில் கேட்டால் "முதலில் உயிரைப் பார்" என்கிறார்கள். உயிரைத்தான் பார்க்கிறேன். அதற்குள் இதுவும் இருக்கிறது.

இந்த வழியாகப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே நான் கேட்டு வைக்க வேண்டியது என்ன?

தெம்பனிஸ்_அம்மா எழுதியது:

தங்கச்சி, முதலில் நல்லபடியாகத் தேறி வாங்க. என் அக்காவுக்கு இருபது வருடத்துக்கு முன்னால் இதே அறுவை நடந்தது. அந்தப் பக்கக் கையில் கனம் எதுவும் தூக்கக்கூடாது, வாழ்நாள் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்றைக்கும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் பையை நான்தான் தூக்குவேன். குதிரை தலையை ஒரு வெட்டு வெட்டினால் உங்கள் கை என்ன ஆகும்? விழுந்தால்? தடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், பயத்தில் கேட்கிறேன்.

துடுப்புக்காரி எழுதியது:

தெம்பனிஸ் அக்கா, உங்கள் அக்காவுக்குச் சொன்னது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் சொன்னதுதான். அக்குள் கணுக்களை எடுத்தபின் கையை அழுத்தி வேலை வாங்கினால் நிணநீர் தேங்கிக் கை வீங்கிவிடும் என்று நம்பினார்கள். அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் முன்வந்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து, முறையாகப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். துடுப்பு என்றால் முழுக்க முழுக்கத் தோளும் கையும்தான். பயந்தபடி யாருக்கும் கை வீங்கவில்லை. உலகம் முழுக்க இன்றைக்கு இருக்கும் இளஞ்சிவப்புப் படகுக் குழுக்கள் அங்கிருந்து வந்தவை. நம் ஊரிலும் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனத்துக்கு ‘பேடலர்ஸ் இன் த பிங்க்’ என்ற குழு இருக்கிறது.

அப்புறம் 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் எடைதூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீர் திடீரென்று வீக்கம் முற்றுவது அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. எடையைத் துளித்துளியாக ஏற்றினார்கள், கவனிக்க ஆள் இருந்தது. அந்தப் படிப்படியான ஏற்றம்தான் இதில் முக்கியம்.

எனக்கு வலது பக்கம் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது காலாங்கில் துடுப்புப் போடுகிறேன். குதிரை பற்றித் தெரியாது. ஆனால் "தொடாதே, தூக்காதே" என்ற பேச்சைக் கேட்டுச் சும்மா உட்கார்ந்துவிடாதீர்கள். அசையாத தோள் இறுகிப்போகும்.

செங்காங்_இயன்மருத்துவர் எழுதியது:

மருத்துவமனையில் மார்பக அறுவை முடிந்தவர்களைப் பார்க்கும் வேலை எனக்கு. உங்கள் அறிக்கைகளை நான் பார்க்கவில்லை, ஆகவே இதை உங்கள் குழுவிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"எப்போது குதிரை ஓட்டலாம்?" என்று கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் அங்கே என்னென்ன செய்கிறீர்கள் என்று பிரித்துக் கேளுங்கள். தலைக்கு மேல் கையை உயர்த்துவது எப்போது? பத்துக் கிலோவைத் தோள் உயரத்துக்குத் தூக்குவது எப்போது? எதிர்பாராமல் கை வெடுக்கென்று இழுபடுவதைத் தாங்குவது எப்போது? நெஞ்சு ஒரு பொருளில் அழுந்தி உரசுவது எப்போது? ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவது எப்போது? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. கடைசிக் கேள்விதான் அறுவை மருத்துவரை யோசிக்க வைக்கும், அவர் யோசிக்கட்டும்.

முதல் வாரங்களில் வடிகுழாய் இருக்கும். பெரும்பாலும் ஒரு நாளில் வடியும் நீர் 30 மில்லிலிட்டருக்குக் கீழே வந்ததும் எடுப்பார்கள். அதுவரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். அதற்குப் பிறகு சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி, கோல் பயிற்சி எல்லாம் நாள் தவறாமல் செய்யுங்கள். இதில் சோம்பல்பட்டவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் வீணைத் தந்தியை முறுக்கிக் கட்டியதுபோல் இழுக்கும். பயப்பட வேண்டாம், நீவிவிட்டு நீட்டினால் சரியாகும். ஆனால் அப்போதே இயன்மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை வீக்கம் பற்றி: முதல் கணு மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கும், அக்குள் கணுக்களை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கும் வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. உங்களுக்கு எது நடக்கிறது என்பது அறுவைக்குப் பிறகுதான் தெரியும். ஆகவே இப்போதே தேதி குறிக்காதீர்கள். இன்னொன்று, அறுவைக்கு முன்பே இரண்டு கைகளின் சுற்றளவையும் அளந்து குறித்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் உதவும்.

சேணம் எழுதியது:

சகோதரி, நான் பல வருடம் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவன். மருத்துவம் தெரியாது, குதிரையைத் தெரியும். மேலே இயன்மருத்துவர் கேட்கச் சொன்ன கேள்விகளுக்குள் லாயத்து வேலைகளை நிரப்பித் தருகிறேன். அச்செடுத்து டாக்டரிடம் கொடுங்கள்.

சவாரியில் உங்கள் கைக்கு அதிக வேலையே இல்லை. ஒழுங்காகக் கற்றவர் இடுப்பாலும் காலாலும் ஓட்டுவார், கடிவாள வாரில் கை மென்மையாகத்தான் இருக்கும். கையைக் கொல்வது தரையில் செய்யும் வேலைகள். குதிரையை அளக்கும் ‘கை’ என்ற அளவில் 16 கை உயரக் குதிரை என்றால் அதன் தோள் மேடே ஏறக்குறைய 163 செ.மீ. அதன் தலையில் கடிவாளம் மாட்ட உங்கள் கை தலைக்கு மேலே போக வேண்டும், குதிரை அந்த நேரம் பார்த்துத் தலையை உயர்த்தும். சேணத்தைத் தூக்கி முதுகில் வைப்பது ஒன்று. வயிற்றுவாரை இறுக்குவது அதைவிட மோசம். கீழிருந்து மேலாக, நெஞ்சுத் தசையும் அக்குளும் சேர்ந்து இழுக்க வேண்டும். அறுவை நடந்த இடமே அதுதான். குளம்பு தூக்கிச் சுரண்டும்போது குனிந்தபடி அரை டன் மிருகத்தின் காலைப் பிடித்திருப்பீர்கள். கயிற்றில் நடத்திப்போகும்போது பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், தோள் கழன்றதுபோல் இழுக்கும்.

ஆகவே திரும்பி வரும்போது முதல் சில மாதங்களுக்குக் குதிரையைத் தயார்செய்து கையில் கொடுக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் பெரும்பாலான பள்ளிகளில் லாயப் பணியாளர்கள் இருக்கிறார்கள், கேட்டால் செய்வார்கள். "நானே எல்லாம் செய்வேன்" என்ற ரோஷம் அப்போது வேண்டாம்.

ஏறுவது: எப்போதும் ஏறுபடி போட்டு ஏறுங்கள். நாம் இடப்பக்கத்திலிருந்து ஏறுவதால், இடக்கை பிடரியையும் வாரையும் பிடித்து உடம்பை இழுக்கும். உங்களுக்கு அதுவே அறுவை நடந்த பக்கம். படி உயரமாக இருந்தால் இழுக்கவே தேவையில்லை, காலைப் போட்டால் போதும். வலப்பக்கத்திலிருந்து ஏறவும் சில குதிரைகளைப் பழக்கியிருப்பார்கள், பயிற்றுநரிடம் கேளுங்கள்.

இறங்குவது: இதை யாரும் யோசிப்பதில்லை. காலைத் தூக்கிப் போட்டு, வயிறும் நெஞ்சும் சேணத்தில் உரசச் சறுக்கித்தான் நாம் இறங்குகிறோம். புதுத் தழும்பு அதில் உரசினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஏறிய படிக்கே குதிரையைக் கொண்டுவந்து, அதிலேயே கால் வைத்து இறங்குங்கள்.

குதிரை விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கிராஞ்சி பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5இல் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள் சவாரிப் பள்ளிக்கு வருவது எல்லா ஊரிலும் உண்டு. அருமையான குதிரைகள், எனக்கு உயிர். ஆனால் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் அவற்றுக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். உங்களுக்கு வயதான, சலித்துப்போன, எதற்கும் அசையாத குதிரை வேண்டும். முதலில் நீளக் கயிற்றுப் பாடம், அதாவது பயிற்றுநர் நடுவில் நின்று குதிரையைக் கையில் வைத்திருப்பார், நீங்கள் உட்கார்ந்தால் போதும். கழுத்துவார் ஒன்று கட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் அதைப் பிடிக்கலாம்.

ரேஸ்கோர்ஸ்_ரோடு எழுதியது:

தலைப்புக்கு வெளியே ஒரு வார்த்தை. என் தாத்தா புக்கித் தீமா பந்தயத் திடலில் குதிரை பராமரித்தவர். அதற்கு முன் 1933 வரை திடல் ஃபேரர் பார்க்கில் இருந்தது, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர் வந்ததே அதனால்தான். குதிரைக்குத் தண்ணி காட்டி, தேய்த்து, ராத்திரி பக்கத்திலேயே படுத்தவர்களில் நம் ஆட்கள் நிறைய. ஆனால் அந்தக் குடும்பங்களில் ஒரு பெண்ணும் குதிரை மேல் ஏறியதாக நான் கேட்டதில்லை. நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்பதே எனக்கு அத்தனை சந்தோஷம். விடாதீர்கள் அக்கா.

லாயத்துவாசி எழுதியது:

சேணம் அண்ணா, அப்படியே அச்செடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒவ்வொரு வரியாகப் படித்தார், வயிற்றுவாரை எப்படி இறுக்குவது என்று நின்று நடித்துக் காட்டச் சொன்னார். அப்புறம்தான் அவரே கேட்டார், "மார்பை மறுசீரமைக்கும் யோசனை இருக்கிறதா? ஏனென்றால் எந்த முறை என்பதைப் பொறுத்து இந்த வேலைகள் மாறும்."

வயிற்றுத் திசு, முதுகுத் தசை, சிலிகோன் பை, ஒன்றும் வேண்டாம் என்று நான்கு வழி சொன்னார். தலை சுற்றுகிறது. யாராவது அனுபவத்தில் சொல்லுங்களேன்.

செங்காங்_இயன்மருத்துவர் எழுதியது:

ஓட்டுபவர் என்ற கோணத்தில் மட்டும் சொல்கிறேன். முதுகிலிருந்து எடுப்பது அகன்ற முதுகுத் தசை. கையைப் பின்னோக்கி இழுப்பதும் தோளைக் கீழே பிடித்து வைப்பதும் அதன் வேலை. அன்றாட வாழ்க்கையில் பலருக்குக் குறை தெரியாது, இழுத்து வேலை செய்பவர்களுக்குத் தெரியலாம். வயிற்றிலிருந்து எடுப்பதில் இரண்டு வகை. பழைய முறையில் வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுப்பார்கள், குதிரையில் நிமிர்ந்து உட்கார அந்தத் தசை வேண்டும். புதிய முறையில் தோல், கொழுப்பு, ரத்தக்குழாய் மட்டும் எடுத்துத் தசையை விட்டுவைப்பார்கள். அறுவை நீளமானது, வயிற்றிலும் நீளத் தழும்பு இருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்துக்குக் கனம் தூக்க விடமாட்டார்கள். பை வைத்தால் அது நெஞ்சுத் தசைக்கு மேலா, கீழா என்று கேளுங்கள். கீழே இருந்தால் கையை இறுக்கி இழுக்கும்போது மார்பு அசைவது தெரியும், சிலருக்கு இழுப்பும் இருக்கும்.

பொங்கோல்_காற்று எழுதியது:

எனக்கு வயிற்றுத் திசு வைத்துச் செய்தார்கள், தசையை எடுக்காத முறை. நான் குதிரை ஓட்டுபவள் இல்லை, சைக்கிள்காரி. பல வாரம் கூன் போட்டுத்தான் நடந்தேன், வயிறு அப்படி இழுத்தது. இன்றைக்குத் திருப்தியாகத்தான் இருக்கிறேன். ஆனால் அறுவை, ஓய்வு, மறுபடி உடம்பைக் கட்டுவது என்று சேர்த்துப் பார்த்தால் நேரம் நிறையப் போனது. சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பவர்கள் இதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

தட்டையாக எழுதியது:

மறுசீரமைப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தவள் நான். ஜொகூரில் குதிரை ஓட்டுகிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, "வேண்டாம்" என்றால் தோலைத் தளர விடாமல் சமமாக இழுத்துத் தைக்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். பின்னால் மறுசீரமைத்துக்கொள்ளலாம் என்று தோலை மடித்து விட்டால் அந்த மடிப்பு உள்ளாடையிலும் வியர்வையிலும் உரசிப் புண்ணாகும், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

இரண்டு, பிராவுக்குள் வைக்கும் சிலிகோன் மார்பு கனமானது. நடைக்குப் பரவாயில்லை, டிராட்டில் தூக்கிப்போடும். பஞ்சு போன்ற லேசானதும் கிடைக்கிறது, உள்ளே பை தைத்த ஸ்போர்ட்ஸ் பிராவில் போட்டுக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் ஒன்றுமே வைக்காமல்தான் ஓட்டுகிறேன். லாயத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பெயர்_வேண்டாம் எழுதியது:

இங்கே எல்லாரும் இப்படி வெளிப்படையாகப் பேசுவதைப் படித்து அழுதுவிட்டேன். என் வீட்டில் இந்த வார்த்தையையே சொல்லக்கூடாது. "கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லிக்கொள்ளலாம், பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம்" என்றார் மாமியார். தழும்பு இருக்கும் பக்கத்தைச் சேலை மூடிவிடுகிறது. மற்றதை யாரிடம் சொல்வது?

துடுப்புக்காரி எழுதியது:

எங்களிடம் சொல்லுங்கள் அக்கா. அறநிறுவனத்திலும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்திலும் ஆதரவுக் குழுக்கள் இருக்கின்றன. போய் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தாலும் சரிதான். உங்கள் பெண்ணிடம் மட்டும் மறைக்காதீர்கள். அம்மாவுக்கு இருந்தது தெரிந்தால்தான் அவள் தன் டாக்டரிடம் எப்போதிலிருந்து பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேட்க முடியும். கல்யாணத்தைவிட அது பெரியது. உங்களுக்குத் தனி மடல் அனுப்பியிருக்கிறேன்.

லாயத்துவாசி எழுதியது:

அறுவை முடிந்து வீட்டில் இருக்கிறேன். கணுவில் பரவவில்லை. கீமோ தேவைப்படாது என்று சொல்லிவிட்டார்கள், தமோக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை மட்டும் பல வருடம். மறுசீரமைப்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். தட்டையாக அக்கா சொன்னதை அப்படியே கேட்டேன், சமமாகத் தைத்திருக்கிறார்கள். என் கணவர் முதலில் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்துக்கும் இடம் கொடுத்தேன், முடிவை மாற்றவில்லை.

வலியைவிட மரத்துப்போனதுதான் விநோதமாக இருக்கிறது. மேல்கையின் உட்பக்கம் தொட்டால் தெரியவில்லை. சுவர்ப் பயிற்சியில் மகன் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறான்.

சுவா_சூ_காங் எழுதியது:

அக்கா, நல்ல செய்தி. எனக்குக் கீமோ நடக்கிறது. சின்ன வயதிலிருந்து குதிரை ஓட்டுகிறேன். ஓட்ட முடியாவிட்டாலும் லாயத்துக்குப் போய்க் குதிரையைத் தடவிவிட்டு வரலாமா?

இரவுப்பணி_செவிலி எழுதியது:

அம்மா, உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் போகாதீர்கள். பல கீமோ மருந்துகளில், ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணுக்கள் மிகவும் இறங்கும். லாயத்தில் வைக்கோல் தூசி, பூஞ்சை, சாணம் எல்லாம் இருக்கும். சாதாரண உடம்பு தாங்கும், உங்கள் உடம்புக்கு அப்போது சக்தி இருக்காது. 38 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, உடனே அவசரப் பிரிவு. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவது பற்றி டாக்டர் ஒத்துக்கொள்ளக்கூடும்.

டாக்ஸேன் வகை மருந்து என்றால் விரல்நுனிகள் மரக்கும். கடிவாள வார் கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியாது. அது தேறும்வரை தனியாக ஓட்ட வேண்டாம். மாதவிடாய் நின்றபின் ஹார்மோனைக் குறைக்கக் கொடுக்கும் அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் எலும்பு அடர்த்தி ஸ்கேன் பார்த்துவிட்டு ஏறுங்கள். அந்த மாத்திரை எலும்பைத் தேய்க்கும், குதிரையிலிருந்து விழுந்தால் உடைவது எலும்புதான்.

லாயத்துவாசி எழுதியது:

நேற்றுக் குதிரை மேல் உட்கார்ந்தேன்!

டாக்டர் சொன்ன ஆறு வாரத்தைத் தாண்டியே போனேன். கை தலைக்கு மேல் முழுதாக உயரும்வரை காத்திருக்கச் சொன்னார் இயன்மருத்துவர், அதன்படி. பள்ளியில் சொன்னதும் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்கள். இருபது வயதைத் தாண்டிய பெண் குதிரை, வெள்ளை. உயரமான படி, கழுத்துவார், நீளக் கயிறு. நடை மட்டும்தான்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. நான் நேராக உட்கார்ந்திருப்பதாக நினைத்தேன், பயிற்றுநர் "இடது தோளைச் சுருட்டி முன்னால் கொண்டுபோகிறீர்கள், உடம்பு வலப்பக்கம் சாய்கிறது" என்றார். தழும்பைக் காப்பாற்ற உடம்பு தானாகவே வளைந்துகொள்கிறது போலிருக்கிறது. கண்ணாடி இருக்கும் பக்கமாகக் குதிரையை ஓட்டி, என்னையே பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் தோளைத் திறந்து, இரண்டு உட்காரும் எலும்புகளிலும் எடையைச் சமமாக வைக்கப் பழகினேன். இன்றைக்குக் கை வலிக்கவில்லை, தொடைதான் வலிக்கிறது.

கைக்குக் கையுறை போட்டுக்கொண்டேன். இடது கையில் கீறலோ கடியோ பட்டால் கிருமி எளிதில் பரவும் என்றார்கள். சிவந்து சூடானால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மோதிரம் இறுகுகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.

தெம்பனிஸ்_அம்மா எழுதியது:

படித்ததும் எனக்கே ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது தங்கச்சி. என் அக்காவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். இயன்மருத்துவரிடம் போய் வருகிறேன் என்றாள். இத்தனை வருடம் கழித்தும் பயனிருக்குமா?

செங்காங்_இயன்மருத்துவர் எழுதியது:

இருக்கும் அம்மா. தோள் இறுகியிருந்தால் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பழைய அறுவைக் குறிப்புகள் இருந்தால் எடுத்துப்போகச் சொல்லுங்கள். கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

லாயத்துவாசி எழுதியது:

சேணம் அண்ணா, ஒரு கேள்வி. டிராட் தொடங்கும் முன் பாதுகாப்பு அங்கி போடச் சொல்கிறார்கள். பழைய அங்கியின் விளிம்பு சரியாகத் தழும்பு மேலேயே வருகிறது.

சேணம் எழுதியது:

பழையதை விட்டுவிடுங்கள். உங்கள் உடம்பின் அளவு மாறியிருக்கிறது, இடப்பக்கம் தொளதொளவென்று நின்றால் விழும்போது நகர்ந்துவிடும். கடையில் மெல்லிய பருத்தி உள்சட்டையோடு போட்டுப் பாருங்கள். சேணத்தில் உட்காரும் நிலையில் அளக்கச் சொல்லுங்கள், நின்றுகொண்டு அல்ல. பக்கவாட்டில் இழுத்துச் சரிசெய்யும் பட்டை இருக்கும் வகையாகப் பாருங்கள். அதுவரை நடையிலேயே இருங்கள், டிராட் எங்கேயும் ஓடிவிடாது.